மிளகாய்த் தேனும் மலையகத்து ஈரமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரவெளியீட்டின் சமையற் பக்கத்தில் கடந்த ஞாயிறன்று வெளிவந்த மிளகாய்த் தேன் செய்முறை தொடர்பாக இதனை எழுதுகிறேன். தேங்காய் ரொட்டிக்குக் கட்டச்சம்பலைத் தவிர வேறெதுவும் பொருந்தாது என்றிருப்பவர்கள்கூட, காரம் இறங்கிய தேனை ஒருமுறை தொட்டுப் பார்த்தால் மறுக்கமாட்டார்கள். அவ்வகையில் அதை வெளியிட்டது நல்லதே. ஆனால் பச்சைக் கொச்சி மிளகாயைக் கீறித் தேனில் இட்டு, இறுக மூடி, ஒரு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று அதில் கூறப்பட்டிருப்பது மலையகத்தில் எவரும் பின்பற்றத் தக்கதன்று. மிளகாய் நன்கு காய்ந்த செத்தலாகவே இருக்க வேண்டும்.

தேன் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு முதன்மையான காரணம் அதில் நீர் குறைவாக இருப்பதே. தேனுக்கான சர்வதேச உணவுத் தரத்தின்படி நீரின் அளவு பொதுவாக 20 வீதத்துக்கு மேற்படக் கூடாது; எஞ்சியதில் பெரும்பகுதி சீனி வகைகள். அச்சீனி, இருக்கும் சிறிதளவு நீரையும் பற்றிக்கொள்வதால் மதுவமோ (ஈஸ்ட்) பற்றீரியாவோ அதில் பெருக முடிவதில்லை. பச்சை மிளகாயிலோ பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நீர்தான். அதைக் கீறித் தேனில் போட்டவுடன் தேன் அந்த நீரை வெளியே இழுக்கிறது. இழுக்கப்பட்ட நீர் தேனைவிட இலேசானது என்பதால் மேற்பரப்பில் ஐதான ஒரு படையாக நிற்கிறது. போத்தலின் அடியில் உள்ள தேன் கெட்டியாகவே இருக்க, மேலே நுரை கட்டிப் புளிப்பு வாடை எழுவதும், இறுக மூடிய மூடி வாயு அழுத்தத்தால் தெறிப்பதும் இதனால்தான். வேண்டுமென்றே தேனைப் புளிக்கவைத்து உண்பவர்களும் இருக்கிறார்கள். அது வேறு பண்டம். அதற்கு வேண்டிய கவனமும் வேறு.

வறண்ட வலயத்தில் இருப்பவரைவிட நமக்கு இதில் கவனம் கூடுதலாக வேண்டும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 60 வீதத்தைத் தாண்டினாலே திறந்துவைத்த தேன் காற்றிலிருந்து நீரை உறிஞ்சத் தொடங்கிவிடும். நுவரெலியாவிலோ ஹட்டனிலோ தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில், கழுவிக் கவிழ்த்த போத்தலே இரண்டு நாளானாலும் உலராத வீடுகள் எத்தனையோ. அங்கே கடையில் வாங்கிய செத்தல் மிளகாயும் பையைத் திறந்த சில நாட்களில் துவண்டு தோல்போல் ஆகிவிடும். விரலால் அமுக்கினால் நொறுங்காத செத்தலைத் தேனில் போடக் கூடாது என்பது நான் மாணவிகளுக்குச் சொல்லிவந்த அளவுகோல். துவண்டிருந்தால் எண்ணெயில்லாத தாச்சியில் இளஞ்சூட்டில் கருகாமல் புரட்டி, முற்றாக ஆறவிட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும்.

செய்முறை எளிதானதுதான். ஒரு கோப்பைத் தேனுக்கு நடுத்தரமான ஐந்தாறு செத்தல் மிளகாய் போதும். காம்பை நீக்கி, ஒன்றிரண்டாக உடைத்துப் போடலாம். காரம் விதையில் இருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர், உண்மையில் விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சதையிலேதான் அது மிகுதி. ஆகவே விதையை உதறினாலும் காரம் பெரிதாகக் குறைந்துவிடாது. தேன் பாத்திரத்தை வெந்நீருள்ள சட்டிக்குள் வைத்து, விரல் பொறுக்கும் சூட்டில் அரைமணி நேரம் அவ்வப்போது கிளறினால் போதுமானது. கொதிக்கவிட்டால் தேனின் மணமும் நொதியங்களும் போய்விடும், நிறமும் கறுக்கும். சட்டியிலிருந்து எழும் ஆவி தேன் பாத்திரத்துக்குள் படியாமலும், சூடு ஆறுமுன் மூடியிட்டு மூடியின் அடியில் நீர் துளிர்க்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு முற்றாக உலர்ந்த போத்தலில் ஒரு வாரம் ஊறவிட்டு, நாவுக்கு ஏற்ற காரம் வந்ததும் வடித்துவிடுவது நல்லது. வடிக்காமல் வைத்தால் காரம் ஏறிக்கொண்டே போகும்.

வினாகிரி சேர்க்க விரும்புவோர் உண்ணும் வேளையில் சிறிதளவு கலந்துகொள்ளலாம், போத்தல் முழுவதிலும் கலந்தால் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விரைவில் தீர்த்துவிட வேண்டும். கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் பாணியிலும் இவ்வாறு செய்யலாமா என்று சிலர் கேட்பதுண்டு. சுவை அருமையாக இருக்கும், ஆனால் பாணியில் தேனைவிட நீர் அதிகம் என்பதால் அன்றாடத் தேவைக்கு மட்டும் செய்துகொள்வதே முறை.

தேனை வாங்குவதைப் பற்றியும் ஒரு சொல். தெருவோரத்தில் பழைய சாராயப் போத்தல்களில் விற்கப்படும் தேனில் தீக்குச்சியைத் தோய்த்து உரசிக் காட்டுவார்கள். குச்சி எரிந்தால் அதில் நீர் குறைவு என்று மட்டுமே கொள்ளலாம். காய்ச்சிய சீனிப்பாகில் தோய்த்த குச்சியும் எரியும். அதேபோல் நம் குளிரில் தேன் உறைந்து மணல்போல் ஆவதைக் கண்டு கலப்படம் என முடிவுகட்ட வேண்டியதில்லை, நல்ல தேனும் உறையும். தேனீக்கள் மெழுகால் மூடிய அடையிலிருந்து எடுத்த தேனில் நீர் குறைவாக இருக்கும் என்பதால், தெரிந்த வளர்ப்பாளரிடம் அதைக் கேட்டு வாங்குவதே உத்தமம்.

இறுதியாக, அக்குறிப்பின் கடைசி வரி என்னை மிகவும் கவலைக்குள்ளாக்கியது. சளிக்கும் இருமலுக்கும் இத்தேனைக் "கைக்குழந்தைக்கும் ஒரு துளி" கொடுக்கலாம் என்று அதில் உள்ளது. மிளகாய் இருக்கட்டும், வெறுந்தேனையே ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. தேனில் சில வேளைகளில் பொட்டுலினம் பற்றீரியாவின் வித்திகள், அதாவது உறங்குநிலையில் உள்ள அதன் விதை போன்ற வடிவங்கள், இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பது அரிது, பச்சிளங்குழந்தையின் குடலிலோ முளைத்து, நரம்புகளைத் தாக்கித் தசைகளைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். மலச்சிக்கல், பால் உறிஞ்ச முடியாமை, அழுகை மெலிதல், கழுத்து நிற்காமல் தொய்தல் ஆகியன அதன் அறிகுறிகள். காய்ச்சினால் போய்விடும் என்று நினைப்பதும் தவறு. இவ்வித்திகளை அழிக்க அழுத்தத்தின் கீழ் 121 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பம் தேவை. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் உள்ள நுவரெலியாவில் தண்ணீர் கொதிப்பதே ஏறத்தாழ 94 பாகையில்தான். பிறந்த குழந்தையின் நாவில் சேனையென்று தேன் தொட்டுவைக்கும் பழக்கம் இன்னும் சில குடும்பங்களில் இருந்துவருவதால், அச்சில் வந்த இந்த வரி அதற்கு வலுச் சேர்த்துவிடும்.

ஆகவே, வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தேன் ஆகாது என்பதையும், பச்சை மிளகாய்க்குப் பதிலாகச் செத்தல் மிளகாயே சேர்க்கப்பட வேண்டும் என்பதையும் திருத்தமாக வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மனைப் பொருளியல் ஆசிரியை,
பண்டாரவளை.