பாட்டியின் குரலை முழுதாகக் கேட்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரின் வரலாற்றையும் அடையாளத்தையும் ஒளிப்படம், குரற்பதிவு, காணொளி, பழைய ஆவணங்கள் ஆகியவற்றை இணைத்துச் சொல்ல இளம் கலைஞர்கள் முன்வருவது, தாயகம் திரும்பிய குடும்பமொன்றில் பிறந்த எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பங்கிடப்பட்ட மக்கள் நாங்கள். மிஞ்சிய 1,50,000 பேரின் கதி பத்தாண்டுகள் கழித்தே முடிவாயிற்று. அங்கே 'இந்தியாக்காரர்', இங்கே 'சிலோன்காரர்' என்று பேர்பெற்ற வாழ்க்கையை இந்த எண்கள் சொல்லிவிடா.

என் பாட்டி 1971இல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அன்று தந்த குடும்ப அட்டை அவருடைய தகரப்பெட்டியில் இன்றும் இருக்கிறது. அதிலுள்ள படத்தில் ஏழு வயது அம்மா பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவினர் வந்து, விடியுமுன் தப்படித்துப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு, அழைத்ததையும் மாசியில் காமன் கூத்து ஆடியதையும் பாட்டி சொல்லச் சொல்ல இரண்டு நாள் பதிவு செய்தனர். பேசும்போது மடியில் கிடந்த அவர் விரல்கள் தாமாகவே கொழுந்து கிள்ளின. எந்த எழுத்திலும் அகப்படாத அந்த அசைவு காணொளியில் அப்படியே விழுந்திருந்தது.

ஆனால் நகரத்துக் கண்காட்சியில் அதைப் பார்த்தபோது என் மனம் மிகவும் நொந்தது. பாட்டியின் குரலைத் தணித்து, அதன்மேல் சோக வயலினை ஓடவிட்டிருந்தனர். அவர் 'பெரட்டு' என்று சொன்ன இடத்தில் திரையின் அடியில் 'கூட்டம்' என்ற எழுத்து வந்தது. காலைக் குளிரில் வரிசையாக நிறுத்திப் பேர் பதிந்து, அன்றைய வேலையைப் பிரித்துக்கொடுக்கும் பெரட்டு எங்கே, கூட்டம் எங்கே? அவர் பெயரும் இல்லை. 'தோட்டத் தொழிலாளி' என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

கலைஞர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. வெட்டிச் சேர்ப்பதற்கு முன் சொல்லுக்குச் சொல் பெரியவர்களிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பேசியவரின் சம்மதத்தோடு அவர் பெயரைப் போட வேண்டும். வெட்டாத பதிவின் பிரதி அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும். நகரத்துக்குக் கொண்டுபோகுமுன் தோட்டத்தில் காட்டுங்கள். எங்கள் மாரியம்மன் கோயில் முற்றத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் போதும்; பாட்டியோடு கப்பலேறி வந்தவர்களில் நால்வர் இன்னும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி.