தங்கத்தின் கணக்கில் நியூட்ரினோவைச் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நியூட்ரான் விண்மீன்கள் (பெரிய விண்மீன்கள் வெடித்தபின் எஞ்சும் அடர்ந்த உருண்டைகள்) மோதித் தங்கம் பிறப்பதைப் பற்றி வரும் கட்டுரைகளில், அந்த மோதலில் ஏராளமாக வெளிப்படும் நுண்துகளான நியூட்ரினோவின் பெயரே இருப்பதில்லை. இது சின்ன விடுபடல் அல்ல.

மோதலில் சிதறும் பொருளில் உள்ள மொத்த நியூக்ளியான்களில் (புரோட்டான்களும் நியூட்ரான்களும்) புரோட்டான்களின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. அது சுமார் 0.25-க்குக் கீழே இருந்தால் தனிமங்கள் உருவாவது லாந்தனைடுகள் என்னும் கனமான அருமண் தனிமங்களைத் தாண்டி தங்கம், பிளாட்டினம் வரை போகும். மேலே ஏறினால் ஸ்ட்ரான்சியம், சிர்க்கோனியம் போன்றவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரினோவில் ஒரு வகையான எலக்ட்ரான் நியூட்ரினோவை விழுங்கிய நியூட்ரான், ஓர் எலக்ட்ரானை உமிழ்ந்து புரோட்டானாகிறது. அதன் எதிர்த்துகளான எதிர் நியூட்ரினோ புரோட்டானை நியூட்ரானாக்கும்; ஆனால் அங்கே புரோட்டான்களே குறைவு. அதனால் பங்கு ஏறுகிறது, அதுவும் துருவத் திசைகளில் அதிகமாக. மோதலில் பிறந்த விண்மீன் உடனே கருந்துளையாகச் சரிந்துவிட்டால் இந்த நியூட்ரினோ மழை சீக்கிரமே ஓய்ந்துவிடும்.

2017 ஆகஸ்ட் 17-இல் பதிவான மோதலில் முதலில் நீல ஒளி தெரிந்து சில நாளில் மங்கியது. பிறகு அகச்சிவப்பு நீடித்தது. நீல ஒளி தந்த லாந்தனைடு குறைந்த பொருளும், அகச்சிவப்பு தந்த லாந்தனைடு நிறைந்த பொருளும் தனித்தனியே வீசப்பட்டதன் அடையாளம் இது. அந்த நிறமாலையில் ஸ்ட்ரான்சியம் இருப்பதை 2019-இல் கண்டறிந்தார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வழியில் எலக்ட்ரான் நியூட்ரினோ மியூவான் வகையாக மாறிவிட்டால், எலக்ட்ரானைவிடக் கனமான மியூவான் துகளை உண்டாக்க அதன் ஆற்றல் போதாது. நியூட்ரானை மாற்ற முடியாமல் போய்விடும். கணினி மாதிரிகளில் இதைச் சேர்ப்பதும் விடுவதும் தங்கத்தின் அளவையே மாற்றக்கூடும்.