பகடையில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

விளையாட்டு வழியாகக் கணக்குக் கற்பிப்பது பற்றிய கட்டுரையில், இரண்டு பகடைகளை உருட்டி விழுந்ததைக் கூட்டச் சொன்னால் போதும் என்று வந்திருந்தது. ஒன்றாம் வகுப்புக்கு வரும் குழந்தைக்கு அது போதாது. கடையில் கிடைக்கும் பகடை இரண்டில் ஐந்தும் நான்கும் விழுந்தால், குழந்தை ஒன்பது புள்ளிகளையும் ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து தொட்டு எண்ணும். விடை சரியாகவே வரும். ஆனால் அது எண்ணுவதுதான், கூட்டல் இன்னும் தொடங்கவில்லை. மாதக்கணக்கில் விளையாடியும் அங்கேயே நின்றுவிடும் பிள்ளைகள் நிறைய. பகடையின் முகங்களில் இருப்பதை மாற்றினால்தான் அடுத்த படிக்கு வருவார்கள்.

முதல் படிக்கு நம் தாயக்கட்டையே நல்லது. ஒரு கட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். நான்காவது பக்கம் வெறுமை. மூன்று புள்ளி வரை நான்கு வயதுக் குழந்தை எண்ணாமல், பார்த்ததுமே சொல்லிவிடும். இரண்டு கட்டைகளையும் கூட்டினால் ஆறைத் தாண்டாது. சாதாரணப் பகடையில் வராத பூஜ்ஜியமும் இதில் உண்டு: மூன்றோடு வெறுமை விழுந்தால் மூன்றுதான் என்பது விளையாடும்போதே பிடிபடும். ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் தாய ஆட்டத்தில் பன்னிரண்டு. கூட்டல் பழகும்போது அதைப் பூஜ்ஜியம் என்றே வையுங்கள். உருட்டியவர் விடை சொல்ல, எதிரே இருப்பவர் புளியங்கொட்டை வைத்துச் சரிபார்க்கட்டும். பக்கத்தில் இருக்கும் பெரியவரோ சூட்டிகையான பிள்ளையோ முந்திக்கொண்டு விடை சொன்னால், அந்தச் சுற்றில் யாரும் எதுவும் கற்றுக்கொள்வதில்லை.

இரண்டாவது படிதான் கடினமானது. இதற்குப் பகடையை நாமே செய்ய வேண்டியிருக்கும். தச்சரிடம் ஓர் அங்குலச் சதுரச் சட்டத்தில் மிச்சமான துண்டு வாங்கி, நீளத்தையும் ஓர் அங்குலமாக அறுத்து, முனைகளை உப்புத்தாளால் தேய்த்தால் போதும். சோப்பு டப்பாவில் செய்தால் அகலமான பக்கமே திரும்பத் திரும்ப விழும். ஒரு பகடையில் 4 முதல் 9 வரை எண்களாக எழுதுங்கள். இன்னொன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றும் இரண்டு முகங்களில். எழுதிய 6ஐத் தொட்டு எண்ண முடியாது. அதனால் குழந்தை ஆறை மனத்தில் வைத்துக்கொண்டு ஏழு, எட்டு, ஒன்பது என்று மேலே போக வேண்டியிருக்கும். தொடர்ந்து எண்ணும் பழக்கம் இங்கேதான் பிறக்கிறது. புள்ளிகளை மூன்றோடு நிறுத்துவதற்குக் காரணம், அதற்கு மேல் போனால் எத்தனை எண்ணினோம் என்பதே குழந்தைக்கு மறந்துவிடும்.

விடை எப்போதும் ஒன்று குறைவாக வருகிறதா? ஆறும் மூன்றும் எட்டு என்கிறதா? அது கவனக்குறைவல்ல. முதல் புள்ளியைத் தொடும்போதே "ஆறு" என்று சொல்லி, ஆறு, ஏழு, எட்டு என முடிக்கிறது. எழுதிய எண்ணை உள்ளங்கையால் மூடி "ஆறு" என்று சொல்ல வையுங்கள். கை அங்கேயே இருக்கட்டும். மற்றக் கையின் விரல் முதல் புள்ளியில் படும்போது "ஏழு". திட்டினாலோ விடையை மட்டும் திருத்தினாலோ இந்தப் பிழை போகாது.

கட்டத்தில் காய் நகர்த்தும்போதும் இதே பிழை வரும்: நிற்கும் கட்டத்தையே "ஒன்று" என்று எண்ணுவார்கள். அங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆறில் நிற்கும் காய்க்கு மூன்று விழுந்தால் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று நகர்த்தாமல், கட்டத்தில் உள்ள எண்ணைப் படித்து "ஏழு, எட்டு, ஒன்பது" என்று நகர்த்தச் சொல்லுங்கள். ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை ஒரே வரிசையில் எழுதிய கட்டங்களில் இப்படி எண்ணைச் சொல்லி விளையாடிய மழலையர் எண்ணறிவில் முன்னேறினார்கள். எண்ணில்லாத வண்ணக் கட்டங்களில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பரமபதம் இந்த வயதுக்கு வேண்டாம். வரிசைக்கு வரிசை திசை மாறுவதால், கூடுவது எந்தப் பக்கம் என்பதே குழம்பிவிடும். தரையில் சாக்குக்கட்டியால் 20 வரை ஒரே கோடாகப் போட்டால் போதும்.

ஒரு ஜோடிப் பகடைக்கு மூன்று பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். முறை வரும்வரை காத்திருப்பதிலேயே நேரம் போய்விடும். மடித்த துண்டின் மேல் உருட்டினால் சத்தமும் இல்லை, பகடை பீரோ அடியில் போவதும் இல்லை. வீட்டில் மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால் கடைப் பகடையைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். வாயில் போட்டுவிடும்.

இரண்டு பகடையிலும் 1 முதல் 6 வரை எண்களே உள்ள கடைசிப் படியில் ஒரு குறை உண்டு. விழக்கூடிய 36 வகைகளில் 6+5 இரண்டு முறை வரும், 6+6 ஒரே முறை. 5+5 தெரிந்த பிள்ளை 5+6ஐத் தானே கண்டுபிடிக்கும் என்பதால், மனத்தில் பதிய வேண்டியவை இந்த இரட்டைகள்தான். பாதியளவே விழுகிற அவற்றுக்குத் தனியாக ஓர் ஆட்டம் வேண்டும்: ஒரே பகடையை உருட்டி, விழுந்த எண்ணை அதனோடேயே கூட்டிச் சொல்வது. வகுப்பு முடியும் நேரத்தில் ஐந்து நிமிடம் இதை ஆடலாம்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்