அரைப்பக்க விளம்பரமும் என் தம்பியின் முதுகுத்தண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் வந்த அரைப்பக்க விளம்பரம் குறித்து எழுதுகிறேன். தண்டுவடக் காயம், பக்கவாதம், ஆட்டிசம், சர்க்கரை நோய், மூட்டுத் தேய்மானம் எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் (பிற வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) சிகிச்சையாம். பாளையங்கோட்டையில் ஒரு திருமண மண்டபத்தில் இலவச ஆலோசனை முகாம் வேறு. கல்யாணம் இல்லாத மாதத்தில் மண்டபத்துக்கு நல்ல வருமானம்!

என் தம்பி கொத்தனார். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அந்த விளம்பரத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறான். மறுபடி நடப்போம் என்று அவன் நம்புவதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த நம்பிக்கைக்கு விலை வைப்பவர்கள் மீதுதான் கோபம். விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, செல்களைப் பிரித்து, முதுகுத்தண்டு நீரில் செலுத்துவார்களாம். ஒரு தவணைக்கு நான்கு லட்சம். மூன்று தவணையாவது போட வேண்டுமாம். மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதற்குப் பதிவு எண் உண்டா என்றேன். "நீங்கள் டாக்டரா?" என்று கேட்டார் எதிர்முனையில் இருந்த பெண். இல்லை, உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்றதும் பேச்சை முடித்துக்கொண்டார்.

மஜ்ஜை ஸ்டெம் செல் என்பது பொய்யில்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று செய்கிறார்கள். தலசீமியா என்னும் பரம்பரை ரத்தசோகையும் ரத்தப் புற்றுநோயும் கண்ட பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள். ரத்தத்தை உண்டாக்குவது அந்தச் செல்களின் பிறவித் தொழில். நசுங்கிய தண்டுவடத்தைச் சீராக்குவது அப்படியல்ல; அது இன்னும் நிரூபணமாகவில்லை. எனவேதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்கள், தண்டுவடக் காயம் போன்றவற்றுக்கு இதை ஆய்வாக மட்டுமே அனுமதிக்கின்றன. ஆய்வென்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால் நடப்பது வியாபாரம்.

தங்கள் பங்குக்கும் வருகிறேன். மருந்துகள், மாய நிவாரணங்கள் குறித்த 1954 ஆம் ஆண்டுச் சட்டம், பக்கவாதத்தைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. வெளியீட்டில் பங்கு பெறுபவரையும் அது விடுவதில்லை. தங்கள் விளம்பரப் பிரிவு இதைப் படித்திருக்கிறதா?

படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, சிறுநீர்க் குழாயைத் தானே மாற்றப் பழகுவது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஆள் துணையின்றி மாறுவது: தம்பிக்கு இன்று வேண்டியவை இவை. விபத்தில் கால்கள் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூரில் அவர் வழிநடத்தி 1966இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையம் பற்றியோ, மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் எங்கள் பக்கத்து ஆய்க்குடி அமர் சேவா சங்கம் பற்றியோ ஓர் அரைப்பக்கம் எழுதுங்கள். நான் செலவு கேட்கவில்லை. ஒரு நிருபரை அனுப்பினால் போதும்.

அடுத்த மாதம் தென்காசியிலும் முகாமாம். அந்த விளம்பரம் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, அம்பாசமுத்திரம்
(தம்பியின் பொருட்டு என் பெயரை வெளியிட வேண்டாம்.)