பழம் பொறுக்கிய பாட்டிக்கும் பத்தாங் பெர்ஜுந்தை மக்களுக்கும்

நேற்று மாலை, நான் எழுதி எடுக்கும் தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பில் அடிபட்ட தம்பி நடந்து வந்தான். வார்டு கதவிலிருந்து லிஃப்ட் வரைக்கும். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கை அவன் அம்மாவின் தோளில். முப்பது அடி தூரம் இருக்குமா? அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத எனக்குத் தெம்பு வந்தது.

பத்தாங் பெர்ஜுந்தையில் (சிலாங்கூரில், இன்றைய பெஸ்தாரி ஜெயா) இரவுப் பந்தயக் காட்சி எடுக்கும்போது எங்கள் காடி (கார்) வளைவில் வழுக்கி நொறுங்கியது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த இரவை மறுபடி எழுத என்னால் முடியாது, எழுதவும் மாட்டேன். நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் பத்து நிமிடத்தில் ஓடிவந்தவர்களே, உங்கள் பேர்கூட எனக்கு முழுசாகத் தெரியாது. லோரியைக் குறுக்கே நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டுக் குதித்து வந்த அண்ணன். தம்பியின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, “ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் யாரும் இழுக்கக் கூடாது” என்று மலாயில் கத்திக்கொண்டே இருந்த கம்பத்து (மலாய்க் கிராமத்து) அண்ணன். அவர் கத்தியிருக்காவிட்டால் நாங்களே பதற்றத்தில் தம்பியை வெளியே இழுத்திருப்போம். முதுகெலும்பு தப்பியது அதனால்தான் என்று பின்னால் டாக்டர் சொன்னபோது, நான் ஆஸ்பத்திரி நடைபாதையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணா, உங்கள் இரண்டு கைக்கும் என் வணக்கம்.

தொடரைப் பார்த்து வந்தவர்களுக்குக் கதை தெரியும். ஐந்தாம் படிவம் படிக்கும் நான்கு பிள்ளைகள். தாத்தா விட்டுப்போன பழைய புரோட்டோன் சாகா கார் ஒன்று. 1985-இல் வெளிவந்த முதல் ரகம், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைச் சீனர் பட்டறையில் வைத்து எழுப்பி, ஹாஃப் கட் என்ஜின் தேடி, கடைசியில் தோட்டத்துச் சாலையில் இரவுப் பந்தயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஹாஃப் கட் என்றால் வெளியூர் வாசகர்களுக்குப் புரியாமல் போகலாம். ஜப்பானில் ஓடி முடித்த காடியை நடுவில் அறுத்து, என்ஜினோடு முன்பாதியை மட்டும் கப்பலில் கொண்டுவந்து விற்பார்கள். நம் பையன்களுக்கு அந்தக் கடைகள்தான் புத்தகக் கடை. கணக்கில் தேறாத பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு டேப்பெட் சத்தத்தை வைத்தே என்ஜினில் என்ன கோளாறு என்று சொல்வான். அப்படிப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்தத் தொடரை எழுதினேன்.

“பந்தயத்தைக் காட்டிப் பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள்” என்று பலர் எழுதினீர்கள். கோபமில்லாமல் எல்லாவற்றையும் படித்தேன். பொதுச் சாலையில் பந்தயம் சட்டப்படி குற்றம். தொடரிலும் அதற்கான விலையை அந்தப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். ஆனால் இதையும் சொல்ல வேண்டும். ஷா ஆலம் பக்கம், பத்து தீகா என்ற ஊரில் இருந்த பந்தய ஓடுதளத்தை இடித்து வீடு கட்டிவிட்டார்கள். செப்பாங் பந்தய ஓடுதளம் இருக்கிறது, 1999-லிருந்து இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து அங்கே போக ஒன்றரை மணி நேரம், போய்ச் சேர்ந்தாலும் ஓட்டக் காசு வேண்டும். தோட்டத்துப் பையனுக்கு வாசலில் கிடப்பது தார் ரோடு ஒன்றுதான். அதை மறைத்து ஒரு கதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

திரையில் மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டரில் பறக்கிற காடி, எடுக்கும்போது ஐம்பது, அறுபதில்தான் போகும். கேமராவைத் தாருக்கு ஒரு சாண் உயரத்தில் கட்டிவிட்டால் ஓரத்து மரங்கள் பிய்த்துக்கொண்டு ஓடுவதுபோலத் தெரியும். எக்சோஸ் சத்தத்தைத் தனியாகப் பதிந்து சேர்ப்போம். சாலையை அடைக்க அனுமதி வாங்கியிருந்தோம், போலீஸ்காரர்கள் நின்றார்கள், ஸ்டண்ட் மாஸ்டர் பிரேக்கிலிருந்து டயர் வரை ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தார். ஐம்பதில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நான் நினைத்தேன். அந்த நினைப்போடுதான் “ஸ்டார்ட்” சொன்னேன்.

விபத்து நடந்த ஒன்பதாம் நாள் மிச்சக் காட்சிகளை எடுக்கத் திரும்பினோம். எனக்கு விருப்பமே இல்லை. தம்பிதான் படுக்கையில் கிடந்தபடி, “முடிச்சிடுங்க அக்கா, நான் வீட்டுல உக்காந்து பாக்கணும்” என்றான். மீதி இருந்தவை காடி மட்டும் வரும் காட்சிகள், ஆள் தேவையில்லை. இரவு பத்து மணிக்குப் படப்பிடிப்பு. நான் எட்டரைக்கே தனியாகப் போய்விட்டேன். எல்லார் முன்னாலும் அந்த வளைவை முதல் தடவை பார்க்க எனக்குத் தைரியமில்லை.

வளைவில் ஒரு வெளிச்சம் தரையோடு தரையாக நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் யாரோ மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடக்கிறார்கள் என்று பயந்து ஓடினேன். கிட்டே போனால் ஒரு பாட்டி. கைலி, முழுக்கைச் சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தலையில் துண்டைக் கட்டி, அதன் மேல் அந்தக் காலத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் மாட்டும் நெற்றி விளக்கு. இடது கையில் பெரிய மைலோ டின். குனிந்தபடி தாரில் எதையோ பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். டொக், டொக் என்று டின்னில் சத்தம்.

“யாரு பாட்டி, இந்நேரத்துல என்ன தேடுறீங்க?” என்றேன்.

நிமிரவில்லை. “பழம் கெடக்குதும்மா” என்றார்.

செம்பனைப் (எண்ணெய்ப் பனை) பழம். கட்டை விரல் பருமன், சிவப்பும் ஆரஞ்சுமாக. சாயங்காலம் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லோரி அந்த வளைவில் திரும்பும்போது உதிர்த்துவிட்டுப் போவது. நானும் பல நாள் பார்த்ததுதான். சாலையோரத்துச் சருகைப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பாட்டி ஒரு பழத்தை எடுத்துத் தாரில் வைத்து, பூட்ஸ் குதிகாலால் ஒரு திருகு திருகினார். “இப்ப இதுமேல கால வச்சுத் தேயி” என்றார். வைத்தேன். என் செருப்பு எண்ணெய்ச் சட்டியில் வைத்ததுபோல வழுக்கிக்கொண்டு போனது. விழ இருந்தவளை அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

“குலையில இருக்கற பழத்தவிட தானா உதுந்து விழுற பழத்துலதான் எண்ணெ அதிகம். பழுத்தாத்தானே உதிரும்? லோரி டயரே அத நசுக்கித் தேச்சுட்டுப் போயிரும். வெயில் நேரத்துல காஞ்சு கெடக்கும், ராத்திரி பனி விழுந்தா சவுக்காரம் மாதிரி ஆயிரும்.”

முப்பது வருடத்துக்கு மேல் உதிரிப் பழம் பொறுக்கியவர். மூட்டைக் கணக்கில் கூலி. குலை வெட்டுகிறவர்கள் முன்னால் போக, பின்னால் மரத்தைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. வேலையை விட்டு எத்தனையோ வருடமாகியும் அது போகவில்லையா, அன்றைக்குப் பொறுக்கியதால் ஏறியதா, நான் கேட்கவில்லை.

அப்புறம் அவரே சொன்னார். சொல்லும்போதும் கை நிற்கவில்லை.

“அன்னிக்கு சாயங்காலம் கோயிலுக்குப் போய்ட்டு இப்படித்தாம்மா வந்தேன். நீங்கெல்லாம் லைட்டு, கேமரான்னு நின்னீங்க. நான் ரோட்டத்தான் பாத்தேன். சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. இவ்ளோ பெரிய ஆளுங்க நிக்கறாங்க, போலீஸ்காரங்க நிக்கறாங்க, நாம போய் என்னத்த சொல்றதுன்னு வீட்டுக்குப் போய்ட்டேன். ராத்திரி அந்தச் சத்தம் கேட்டுச்சு. ஒம்பது நாளா எனக்குத் தூக்கமே இல்ல.”

பாட்டி, அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரு மைலோ டின்னோடு இருட்டில் தனியாக வந்து, என் தவறுக்கு நீங்கள் பரிகாரம் செய்துகொண்டிருந்தீர்கள். அன்றைக்கே நான் சொன்னதை இங்கே எல்லார் முன்னாலும் மறுபடி சொல்கிறேன்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. அந்தச் சாலையைப் பற்றி நான் நாற்பது பேரிடம் கேட்டேன். அகலம் கேட்டேன், அனுமதி கேட்டேன், விளக்கு எங்கே கட்டலாம் என்று கேட்டேன். அந்தச் சாலையில் குனிந்து குனிந்து முதுகு வளைந்த ஒருத்தரிடமும் கேட்கவில்லை.

இதில் இன்னொன்று என்னை விடாமல் குத்துகிறது. மூன்றாம் வாரத்தில் நாயகன் தன் சிநேகிதியிடம் பெருமையாகச் சொல்வானே, “இந்த நாட்டோட முதல் செம்பனைத் தோட்டம் எங்க ஊர்ப்பக்கம்தான், 1917, தென்னமரம் தோட்டம்” என்று? அந்த வசனம் நான் எழுதியது. தகவலைத் தேடிப் படித்து, சரிபார்த்து எழுதினேன். நூறு வருடத்துக்கு மேலாக இந்த வட்டாரத்துச் சனங்கள் இந்தப் பழத்தோடு புழங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருந்த எனக்கு, அது சாலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு நான் சொன்னதற்குப் பாட்டி பதில் ஒன்றும் சொல்லவில்லை. டின்னை என்னிடம் நீட்டி, “புடி” என்றார். நான் பிடித்துக்கொண்டேன், அவர் பொறுக்கிப் போட்டார். வளைவு முழுக்க முடித்த பிறகு ஒரு பையிலிருந்து சாம்பலை அள்ளி, எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடமாகப் பார்த்துத் தூவி, தேங்காய் மட்டையால் தேய்த்தார். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஈர்க்குமாற்றால் ஓரத்துப் புல் வரைக்கும் கூட்டித் தள்ளினார். எரித்த சருகின் சாம்பலாம், மத்தியானமே சலித்து எடுத்து வைத்தாராம். கடைசியில் செருப்பில்லாமல் நடந்து பார்த்தார். உள்ளங்காலை ஒவ்வொரு இடத்திலும் அழுத்தி, நின்று, மறுபடி அழுத்தி. எங்கள் ஸ்டண்ட் மாஸ்டர் வந்து அதைப் பார்த்துவிட்டு, தானும் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் பின்னாலேயே நடந்தார்.

அன்றைக்கும் மறுநாளும் சேர்த்துப் பதினோரு டேக். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பாட்டி நெற்றி விளக்கோடு வளைவில் நடந்து முடித்து, ஓரத்தில் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து கையைத் தூக்குவார். அதன் பிறகுதான் காடி கிளம்பும். “பாட்டி ஓகே சொல்லிட்டாங்களா?” என்று வாக்கி டாக்கியில் கேட்பது இரண்டு நாளில் எங்களுக்குப் பழகிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் ஒரு உறையைக் கையில் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அந்தப் பையன் என்ன சாப்புடுவான்?”

மற்றவர்களே, உங்களை ஒரே பத்தியில் சேர்ப்பதற்கு மன்னியுங்கள். ரத்தம் கொடுக்க ரவாங், ஈஜோக், கோல சிலாங்கூரிலிருந்து வந்த பிள்ளைகள். இரவு முழுக்கப் படப்பிடிப்புக் குழுவுக்குத் தே தாரிக் ஆற்றிக் கொடுத்துக் கணக்கு எழுதாமல் விட்ட ஒட்டுக்கடை அக்கா. கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்ட ஐயா. நொறுங்கிய சாகாவைத் தன் செலவிலேயே நிமிர்த்தி, “இது என் முதல் காடி மாதிரியே இருக்கு” என்று மட்டும் சொன்ன சீன ஃபோர்மன். ஒளிபரப்பைத் தள்ளி வைத்துக் காத்திருந்த தொலைக்காட்சி நண்பர்கள். முகத்தில் சிரிப்பு மாறாத தாதியர்கள். தம்பி பரீட்சைக்குத் தவறவிட்ட பாடத்தைக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தம்பியின் அம்மா, நீங்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இனி நான் எடுக்கும் எந்தக் காட்சியிலும், கேமரா வெளியே வருவதற்கு முன்னால், அந்தச் சாலையில் காலம் தள்ளிய ஒருத்தரோடு நான் முழுத் தூரமும் நடப்பேன். கூட்டுகிறவர், லோரி ஓட்டுகிறவர், மாடு மேய்க்கிறவர், யாராக இருந்தாலும் சரி. அவர் சரி என்று சொல்லாமல் காடி நகராது. படப்பிடிப்புத் தாளில் முதல் வரியாக அதை எழுதி ஒட்டியாகிவிட்டது. இரவில் காடியை எடுத்துக்கொண்டு கிளம்பும் தம்பிமார்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன்: அந்த வளைவில் நாங்கள் போனது ஐம்பதில்.

கடைசி வாரம் இந்த மாதம் ஒளியேறும். வளைவுக் காட்சி தொடங்கும்போது திரையின் இடது ஓரத்தில், தூரத்தில், ஒரு சின்ன வெளிச்சம் புல்லுக்குள் இறங்கி மறையும். ஒரு டேக்கில் கேமரா கொஞ்சம் முன்னதாகவே ஓடத் தொடங்கிவிட்டது. எடிட்டர் வெட்டிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பாட்டி, உங்கள் மைலோ டின் எங்கள் வேனிலேயே தங்கிவிட்டது. அடியில் இன்னும் நாலைந்து பழம் கிடக்கிறது. சனிக்கிழமை காலையில் கொண்டு வருகிறேன். தம்பியும் வருகிறான். வாசல் படி எத்தனை என்று அவன் அம்மா கேட்டார், மூன்று என்றேன், ஏறிவிடுவான் என்றார். கோழி ரசம் பிடிக்குமாம். மிளகு மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள், இன்னும் மாத்திரை சாப்பிடுகிறான்.