புனித டெயிலோ ஆலயம்: இடமாற்றத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு,

தெற்கு வேல்ஸில், பொன்டார்துலைஸ் அருகே லக்கர் ஆற்றங்கரைச் சேற்றுநிலத்தில் நின்ற லாண்டெய்லோ தால்-இ-போன்ட் பங்கின் புனித டெயிலோ கோவில், கார்டிஃப் அருகே செயின்ட் ஃபாகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி எழுந்து நிற்கிறது. 2007 அக்டோபரில் கேன்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ் திறந்துவைத்தார். பழைய இடத்தில் கோவிலைப் பிரிக்கத் தொடங்கியது 1980களில். மறுபடி எழுப்பித் திறக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

கல்லைவிடச் சுண்ணாம்புதான் அதிகம் வேலை வாங்கியது. வழிபாடு நின்று, கூரைப் பலகைக்கல் போனபின் மழை உள்ளே இறங்கியது. சுவரில் நூற்றாண்டுகளாக ஏறியிருந்த வெள்ளைப்பூச்சு உரிந்து, அடியிலிருந்த சித்திரங்கள் தலைகாட்டின. கோவிலைக் கெடுத்த அதே மழைதான் அவற்றைக் காட்டியும் கொடுத்தது. புனித கிறிஸ்தோபர், புனித கத்தரீன், ஆண்டவர் இயேசுவின் பாடுகள். அவற்றின் மேலடுக்கில், ரோமைத் திருச்சபையிலிருந்து பிரிந்த 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் எழுதிய வேல்ஷ் மொழி வாசகங்கள். மேலடுக்கை எடுக்காமல் கீழடுக்கைப் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வோர் அடுக்கையும் பதிவு செய்துகொண்டே போக வேண்டியிருந்தது. மூலச் சித்திரங்கள் பெயர்த்துப் பாதுகாக்கப்பட்டன. இப்போது சுவரில் இருப்பவை புதிதாகத் தீட்டியவை.

எந்தக் காலத்துக் கோவிலை எழுப்புவது? சுமார் 1530 என்று முடிவானது. ஆகவே பிற்காலப் பெட்டி இருக்கைகளுக்கு (மரத்தடுப்பால் அடைத்த இருக்கைகள்) இடமில்லை. பலிபீடத்துக்கு முன் செதுக்கிய ஓக் மரத்தட்டியும், அதன்மேல் பரணும், பாடுபட்ட சுரூபமும் வந்தன. பிற்காலத்தவை போனதில் இழப்பும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வண்ணம் கண்ணைப் பறிக்கிறது என்பவர்களுக்கு ஒன்று: அன்றைய கோவில் சாம்பல்நிறக் கல் அல்ல, காவி, மஞ்சள், கரி, வெள்ளை எல்லாம் சேர்ந்த கோவில்.

இனிப் பராமரிப்பு. கல்லிடைக் கலவை உதிர்ந்தால் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கூர்மணல் (கூரான பரல் கொண்ட மணல்) போதும். சிமென்ட் வேண்டவே வேண்டாம்: அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், உறைபனியில் அந்த ஈரம் விரிந்து கல்லின் முகத்தைப் பெயர்க்கும். வெள்ளையடிக்குமுன் சுவரை நனைக்க வேண்டும். உலர்ந்த சுவர் நீரை உறிஞ்சிவிட்டால் பூச்சு மாவாக உதிரும். ஒரே தடித்த பூச்சு வெடிக்கும். பால்போல் நீர்த்த பூச்சு, நாலைந்து முறை. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் வாளியைத் தொடாதீர்கள்.

— திருப்பணிக் குழு