பின்னால் போகும் பஸ்

செம்ஸ்ஃபோர்ட், இங்கிலாந்து,
ஞாயிறு இரவு.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது கைத்தடி இல்லாமலே தெருமுனைவரை போய் வருகிறேன். மாடிப்படி ஏறும்போதுதான் இன்னும் வலிக்கிறது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்து இங்கே எங்கள் இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். உன் அம்மாவின் பெயரையே வைத்தாயே, மனசு நிறைந்துவிட்டது. எத்தனை நாள் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன்.

படுத்துக் கிடந்த மூன்று மாதமும் பொழுதை எப்படிப் போக்கினாய் என்று கேட்டிருந்தாய். டிவிதான். பழைய தொடர்களையே திரும்பத் திரும்பப் போடும் சேனல்கள் இங்கே உண்டு. கதை பார்க்கத்தான் உட்கார்ந்தேன். இரண்டாம் வாரத்திலேயே கதையை விட்டுவிட்டேன். தெருவில் ஓரமாகப் போகிற பஸ்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். நடிகர் பேசிக்கொண்டிருப்பார், அவர் தோளுக்குப் பின்னால் ஒரு மாடி பஸ் திரும்பும். உடனே ரிமோட்டை எடுத்து நிறுத்திவிடுவேன். என்ன கம்பெனி, என்ன மாடல், எந்த வருஷம், எந்த ஊர்? கண்டுபிடித்த பிறகுதான் கதை நகரும். இவள் இப்போது தன் தொடரைத் தனியாக உள்ளறையில் பார்க்கிறாள்.

நீ டெப்போவில் முப்பது வருஷம் இன்ஜினோடு வாழ்ந்தவன். நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஆனாலும் பிராட்வேயில் மாடி பஸ் வந்து நின்றால் மேலே முன் சீட்டுக்கு ஓடுவதில் உனக்கு நான் என்றைக்காவது குறைந்தேனா? அந்த ஆசைதான் இது. வேறொன்றும் இல்லை.

முதலில் ‘ஆன் தி பஸஸ்’ பற்றிச் சொல்கிறேன். 1969 முதல் 1973 வரை இங்கே ஐடிவி சேனலில் வந்த நகைச்சுவைத் தொடர், மொத்தம் 74 பகுதி. ரெக் வார்னி டிரைவர், பாப் கிராண்ட் கண்டக்டர், இருவரையும் விரட்டிக்கொண்டே இருக்கும் இன்ஸ்பெக்டராக ஸ்டீபன் லூயிஸ். லண்டன் பஸ்களை நடத்திய லண்டன் டிரான்ஸ்போர்ட், படப்பிடிப்புக்கு பஸ் தர மறுத்துவிட்டது. கடைசியில் கை கொடுத்தது எங்கள் எஸ்ஸெக்ஸ் பக்கத்து ஈஸ்டர்ன் நேஷனல் கம்பெனி. வடக்கு லண்டனில் வுட் கிரீனில் இருந்த அவர்களுடைய டெப்போவில்தான் வெளிக்காட்சிகள் எடுத்தார்கள். தொடரில் கம்பெனிக்குப் பெயர் லக்ஸ்டன் அண்ட் டிஸ்ட்ரிக்ட். அப்படி ஒரு ஊரே கிடையாது. ஆனால் அந்தப் பச்சை பஸ் உண்மை, அதன் நம்பர் பிளேட் உண்மை. அந்தக் காலத்துப் பிளேட்டில் மூன்று எழுத்து சேர்ந்து இருந்தால் அந்த மூன்றில் கடைசி இரண்டு எழுத்து பதிவு செய்த இடத்தைச் சொல்லும். ஈ.வி., வி.எக்ஸ்., என்.ஓ. எல்லாம் எஸ்ஸெக்ஸ். நம்பருக்கு அடுத்து ‘என்’ இருந்தால் நம் ஊரில் அரசு பஸ் என்று நீ தூரத்திலிருந்தே சொல்வாயே, அந்த மாதிரி.

(ரெக் வார்னி இதற்காகவே பஸ் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தவர். 1967 ஜூன் 27-ல் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி வைத்த முதல் ஏடிஎம்மில் முதல் பணம் எடுத்தவரும் அவர்தான்.)

அந்த பஸ், பிரிஸ்டல் கம்பெனியின் லொடெக்கா மாடல். இதை உனக்கு விளக்கமாகவே எழுத வேண்டும். இந்த நாட்டில் தாழ்வான ரயில் பாலங்கள் அதிகம். சாதாரண மாடி பஸ் பதினாலரை அடி உயரம், பல பாலங்களுக்குக் கீழே நுழையாது. உயரத்தைக் குறைக்க அந்தக் காலத்தில் மேல்தளத்து நடைபாதையை ஓரமாகப் பள்ளம் பறித்ததுபோல் இறக்கிவிட்டார்கள். அதனால் மேலே நாலு பேர் ஒரே நீளச் சீட்டில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். ஜன்னலோரம் இருப்பவன் இறங்க மூன்று பேர் எழுந்து வழிவிட வேண்டும். கீழே அந்தப் பள்ளத்துக்கு அடியில் உட்கார்ந்தவன் எழுந்தால் தலை இடிக்கும். 1949-ல் பிரிஸ்டல்காரர்கள் கீழிருந்து யோசித்தார்கள். இன்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை ஓரமாகத் தள்ளி, பின் ஆக்ஸிலைத் தாழ்த்தி, கீழ்த்தளத்துத் தரையையே இறக்கிவிட்டார்கள். மேலே நடைபாதை நடுவில் வந்தது, உயரம் பதின்மூன்றரை அடியில் நின்றது. எனக்கு இந்த வேலை நுணுக்கத்தை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது. நீ அந்த சேசிஸுக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பத்து நான்கு வயது. அறுபதுகளில் இந்த ஊரிலேயே கண்டக்டராக இருந்தவர் என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. ஒருநாள் நலம் விசாரிக்க வந்தார். அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தவர், “நிறுத்து, நிறுத்து” என்றார். எழுந்து டிவி அருகே போனார். பஸ்ஸின் முன் சக்கரத்துக்குப் பின்னால் மடிப்புக் கதவு, அதற்குள் மாடிப்படியின் கீழ்ப்படி தெரிகிறது. அந்த இடத்தில் விரலை வைத்து, “பன்னிரண்டு வருஷம் இங்கேதான் முதுகைச் சாய்த்து நின்றேன்” என்றார். விரலை எடுக்கவே இல்லை. பிறகு அந்த மாடலின் வாசனை, கதவு மூடும் சத்தம், பெல் கணக்கு எல்லாம் வந்தது. ஒரு பெல் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் புறப்படு, மூன்று என்றால் இடமில்லை, நான்கு என்றால் ஆபத்து. நம் ஊர் விசிலிலும் ஒன்றுக்கு நிற்கும், இரண்டுக்குக் கிளம்பும் என்று சொன்னேன். அதைக் கேட்டு அவருக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. இப்போது வாரத்தில் இரண்டு மாலை அவர் இங்கேதான்.

அவரிடம் கற்றது இன்னொன்று. 1948 முதல் 1965 வரை பிரிஸ்டல் சேசிஸும், லோஸ்டாஃப்டில் கட்டிய ஈஸ்டர்ன் கோச் ஒர்க்ஸ் பாடியும் அரசுடைமைக் கம்பெனிகளுக்கு மட்டுமே விற்கப்பட்டன. நகராட்சிகள் நடத்திய பஸ்கள் அதில் சேராது. அதனால் அந்த வருஷங்களில் நடக்கும் கதையில் ‘நகராட்சி பஸ்’ என்று சொல்லி ஒரு லொடெக்கா வந்து நின்றால் அது வேஷம் போட்ட பஸ். நிறமும் தேதி சொல்லும். 1969-ல் அரசின் நேஷனல் பஸ் கம்பெனி உருவானது. 1972 முதல் நாடு முழுக்க அவர்கள் பஸ்களுக்கு ஒன்று சிவப்பு, இல்லை இலைப்பச்சை. அதற்கு முன் ஒவ்வொரு ஊருக்கும் தன் நிறம் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பஸ் சிவப்பும் மெரூனும், நடுவில் வாத்து முட்டைப் பச்சைப் பட்டையுமாக இருக்கும். அந்த மூன்று நிறத்தையும் ஒருமுறை பார்த்தால் பெயர்ப் பலகையே தேவையில்லை.

வருஷம் கண்டுபிடிக்க, நம்பர் பிளேட்டில் எண்ணுக்குப் பின்னால் தனியாக நிற்கும் கடைசி எழுத்து போதும். 1963-ல் ‘ஏ’-யில் தொடங்கியது, ‘எஃப்’ என்றால் 1967 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம், ‘எம்’ என்றால் 1973 ஆகஸ்டிலிருந்து. 1965-ல் நடக்கும் கதையில் ‘எஃப்’ பிளேட் பஸ் வந்தால் நான் நோட்டில் குறித்துக்கொள்கிறேன். குற்றம் சொல்ல இல்லை. ஐம்பது அறுபது வருஷத்துப் பழைய பஸ்ஸை யாரோ தன் சொந்தக் காசில், விடுமுறை நாட்களில் துரு சுரண்டி, பெயின்ட் அடித்துக் காப்பாற்றியதால்தானே அது படப்பிடிப்புக்கு வருகிறது. கிடைத்த பஸ்ஸைத்தான் நிறுத்த முடியும்.

அப்புறம், சிவப்பாகப் பழசாக எது வந்தாலும் எல்லோரும் அதை லண்டனின் ரூட்மாஸ்டர் மாடல் என்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடே இல்லை. லண்டனை நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் சுமந்தது ஆர்.டி. பஸ். ஏ.இ.சி. கம்பெனி சேசிஸில் மட்டும் 4,825 ஓடின, லேலண்ட் சேசிஸில் வந்த உறவுக்காரர்கள் தனி. பார்த்தவுடன் சொல்லலாம்: ஆர்.டி.க்கு ரேடியேட்டர் தனியாக, நிமிர்ந்து முன்னால் நிற்கும். ரூட்மாஸ்டருக்கு மட்கார்டும் கிரில்லும் பானெட்டோடு ஒன்றாக அகன்றிருக்கும். ரூட்மாஸ்டரிலேயே நீளமானது ஒன்று உண்டு, அதற்கு நடு ஜன்னல் மட்டும் சின்னதாக இருக்கும்.

இந்த ஆர்.டி. குடும்பத்தைப் படிக்கும்போது உன் மாமனார் நினைவு வந்தது. கொழும்பில் கடை வைத்திருந்த நாளில் “லண்டன் பஸ்ஸில்தான் போவேன்” என்பார், நாம் இருவரும் நம்பவில்லை. அவர் சொன்னது உண்மை. இலங்கையில் 1958-ல் பஸ்கள் அரசுடைமையான காலத்தை ஒட்டி, லண்டனில் ஓடி முடித்த இந்த மாடி பஸ்கள் ஏராளமாகக் கப்பலேறி அங்கே போய் உழைத்திருக்கின்றன. அவர் இருக்கும்போதே இது தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

‘கால் தி மிட்வைஃப்’ நீயும் பார்த்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். கிழக்கு லண்டன் பாப்லரில், 1957-ல் தொடங்கும் கதை. அந்த வருஷத்துப் பாப்லருக்கு ஆர்.டி. சரி. ரூட்மாஸ்டர் என்றால் 1959 நவம்பருக்குப் பிறகுதான் வரலாம். பாப்லர் டெப்போவில் மின்கம்பியில் ஓடும் ட்ராலிபஸ்களை எடுத்துவிட்டுத்தான் ரூட்மாஸ்டரை முதன்முதலாக மொத்தமாக இறக்கினார்கள். அந்த ட்ராலிபஸ்தான் என் மனதில் நிற்கிறது. 1957-ல் பாப்லரின் பெரிய சாலையில் தலைக்கு மேல் இரட்டைக் கம்பி ஓடியிருக்கும். சத்தமே இல்லாமல் மாடி பஸ் நழுவிப் போயிருக்கும். தொடரின் தெருக்களை கென்ட்டில் சாட்டம் பழைய கப்பல் துறையில் எடுக்கிறார்கள். அங்கே வானத்தில் கம்பி கட்டி, அதில் பஸ் ஓட்டுவது நடக்கிற காரியமா? அந்தக் கம்பியைப் பார்க்க லோஸ்டாஃப்ட் பக்கத்தில் கார்ல்டன் கோல்வில் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அங்கே ட்ராலிபஸ் இன்றும் ஓடுகிறது. முழங்கால் சரியானதும் பெரியவரை அழைத்துக்கொண்டு போகப்போகிறேன்.

இன்னொன்று எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை. 2009 ஈஸ்டருக்கு வந்த ‘டாக்டர் ஹூ’ என்ற விண்வெளிக் கதைத் தொடரின் சிறப்புப் பகுதியில் லண்டன் 200-ஆம் நம்பர் மாடி பஸ் வேறொரு கிரகத்துப் பாலைவனத்தில் போய் விழுகிறது. பஸ் நுழையும் சுரங்கப் பாதைக் காட்சி கார்டிஃபில், பாலைவனம் துபாயில். பஸ் பிரிஸ்டல் வி.ஆர்., நம் லொடெக்காவுக்கு அடுத்து வந்த மாடல். சிவப்பு அடித்து லண்டன் பஸ் ஆக்கியிருந்தார்கள். ஒரே மாதிரி இரண்டு வாங்கி, ஒன்றைக் கப்பலில் துபாய்க்கு அனுப்பினார்கள். துறைமுகத்தில் அதன் மேல் ஒரு கன்டெய்னர் இறங்கி மாடி நசுங்கிவிட்டது. இன்னொன்றை அனுப்ப நேரமில்லை. அப்போது கதையையே மாற்றினார்கள்: கிரகம் விட்டுக் கிரகம் தாண்டும்போது பஸ் அடிபட்டதாக எழுதிவிட்டார்கள். துபாய் மணலில் அடிபட்டு நிற்கும் அந்த வி.ஆர்.-ஐப் பார்க்கும்போது, நிஜமாகவே அடி வாங்கிய பஸ் அது என்ற நினைப்பு எனக்குப் போவதே இல்லை.

சரி, இனி என் வேண்டுகோள். ஒரு பழைய துப்பறியும் தொடர். இரவுக் காட்சி, மழை. ஒருவன் டெலிபோன் பூத்தில் நிற்கிறான். பின்னால் ஒரு மாடி பஸ் நிறுத்தத்திலிருந்து புறப்படுகிறது. தெரிவது நனைந்த பின் ஜன்னலும் மஞ்சள் விளக்கும் மட்டும். பிளேட் படிக்க முடியவில்லை. சத்தம் மட்டும் தெளிவாக இருக்கிறது: முதல் கியரில் ஒரு முனகல், இரண்டாவதுக்கு மாற்றும் இடைவெளி, அப்புறம் எழும் உறுமல். பெரியவர் இது கார்டனர் இன்ஜின் என்று அடித்துச் சொல்கிறார். எனக்கு என்னவோ லேலண்ட் என்று படுகிறது. நம் மாடி பஸ்ஸும் லேலண்ட் டைட்டன்தானே. எண்ணூரில் 1967-லிருந்து கட்டியது. அதன் 680 இன்ஜினை எத்தனை ராத்திரி பிரித்துக் கோத்திருக்கிறாய். ஷெட்டுக்குள் வரும் பஸ்ஸை முகம் பார்க்காமலே நம்பர் சொல்வாய்.

அந்தப் பதினோரு செகண்டைப் பதிவு செய்து உன் மகனின் போனுக்கு இன்றிரவே அனுப்புகிறேன். பகலில் கேட்காதே, உன் தெருவில் ஆட்டோ சத்தம் விடாது. குழந்தை தூங்கினதும் மாடிக்குப் போய் ஹெட்போனைப் போட்டுக் கேள். கியர் மாறும் இடத்தை இரண்டு தடவை கேள். எந்த இன்ஜின் என்று எழுது. புதன்கிழமை பெரியவர் வருகிறார்.

அன்புடன்,
உன் முன் சீட்டு நண்பன்